மூன்று அரிசிச் சோறு

ஹட்டனில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில், முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதற்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கொரு சுண்டு அரிசி சேர்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிவிட்டார்கள்.

"சம்பா, நாடு, சிவப்பரிசி எல்லாம் கலந்துருச்சு டீச்சர். எப்படி ஒண்ணா வேகும்?" என்றாள் நிரோஷா.

சாக்குக்குள் குனிந்தேன். அந்தத் தவிட்டு வாசம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த வட்டவளைத் தோட்டத்து லய வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது. மலையில் சறுக்கி விழுந்து அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மாவும் வேலைக்குப் போகவில்லை. லயத்தில் வீட்டுக்கொரு சுண்டு அரிசி எங்கள் பேசினில் வந்து விழுந்தது. தேயிலைக் கட்டைப் புகையில் இருமிக்கொண்டே அம்மா அதை வடித்தாள்.

"கொழஞ்சது மீனாச்சி அக்கா வீட்டு அரிசி. பல்லுல கடிபடுறது கங்காணி வீட்டு அரிசி" என்றாள். அப்பா விழுந்த பிறகு அம்மா சிரித்தது அன்றுதான்.

"பிரிக்க வேணாம், அப்படியே கட்டுங்க" என்றேன் பிள்ளைகளிடம்.

அம்மா இறந்து பல வருஷமாகிறது. அன்று மாலை மூன்று அரிசியும் வாங்கி வந்து, கலந்து வடித்தேன். அதே மாதிரி கொஞ்சம் குழைந்தது, கொஞ்சம் கடிபட்டது. யார் வீட்டு அரிசி என்று சொல்லத்தான் வழியில்லை. மூன்றும் ஒரே கடையில் வாங்கியவை.