ஆமைக் குப்பிக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் பிற்பாதியில், கடலே இல்லாத கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு கடலாமைகளை ஆராய்ந்தவள் நான். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மன்னார் வளைகுடாவில் கடற்புல் மேய வரும் பச்சை ஆமைகள் எந்தக் கரையில் பிறந்தவை என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். வலையில் தவறிச் சிக்கும் ஆமையிடம் மிளகளவு தோலை எடுத்துவிட்டு, எங்கள் ஆட்கள் ஆமையைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். தோல் ஸ்பிரிட் குப்பியில் ரயிலேறி எங்கள் போத்தனூர் நிலையத்துக்கு வரும்.

ஆயுத பூஜை நெருங்கும்போது ஆய்வகத்தின் குளிர்பெட்டி படுத்துவிட்டது. நான் குடியிருந்த மாடியின் கீழே வீட்டுக்கார அக்காவின் பிரிட்ஜ் இருந்தது. புரட்டாசியில் முட்டைகூட நுழையாத பிரிட்ஜ். குப்பிகளை அதில் வைக்கலாமா என்று தயங்கிக் கேட்டேன்.

"திங்கற சாமான் இல்லீல்ல? அப்ப வெச்சுக்க அம்மணி. ஆமைக என்ன கூட்டம்?"

எங்கள் பக்கம் ஊரையும் கூட்டத்தையும், அதாவது குலத்தையும், விசாரிக்காமல் காபி வராது. ஆமைக்கும் விலக்கில்லை. அக்காவுக்குக் கல்யாணத்தோடு கூட்டம் மாறிவிட்டது. அம்மா இறந்தபின் ஈரோட்டில் தாய்வீடு பூட்டிக் கிடந்தது. கூடப்பிறந்தவர் யாரும் இல்லை.

பூஜையன்று அக்கா வீட்டுப் பின்கட்டுப் பட்டறையில் லேத்துக்குப் பொட்டு, ஸ்கூட்டருக்குப் பொட்டு, மிக்ஸிக்கும் பொட்டு. பொரித் தட்டோடு போய் பிரிட்ஜைத் திறந்தேன். என் குப்பிகளுக்கும் சந்தனம், குங்குமம்!

"வேலைச் சாமானுக்கு வெக்கோணுமில்ல கண்ணு? தொடச்சுப்போட்டு வெச்சேன்."

"மேல இருந்த எழுத்து போச்சுங்களே அக்கா! எந்த ஆமை எங்க மேஞ்சதுன்னு அதுலதான இருந்துச்சு!" தட்டை வைத்த வேகத்தில் பொரி தரையெல்லாம் சிதறியது.

"மொதக் குப்பியில மை துணியில ஒட்டுச்சு. மத்ததுக்கெல்லாம் மூடியிலதான் வெச்சேன்."

பார்த்தேன், நிஜம்தான். ஒன்றே ஒன்றுதான் மொட்டையாக நின்றது. எனக்கு உயிர் வந்தது, அக்காவுக்குத்தான் போய்விட்டது. அதன் பிறகு படியேறும்போதெல்லாம் கேட்பார்: "அந்த ஒத்தை ஆமைக்கு ஏதாச்சும் வழி இருக்குதா?"

சில மாதம் கழித்து முடிவு வந்தது. வாசலில் செருப்பை உதறிவிட்டு ஓடினேன்.

"மேஞ்ச எடம் போனது போனதுதானுங்க. ஆனா பொறந்த பக்கம் தெரிஞ்சுபோச்சு! தூரத்துக் கரையில முட்டை போடற ஆமைகளோட ஒத்துப்போகுது. நாங்க பாக்கற மரபணு அம்மாகிட்ட இருந்துதான் வரும். மேல தொடச்சா போகாதுங்க."

மாவு வழித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"ஆமைக்கு மட்டுந்தானா?"

"மனுசங்களுக்கும் அப்படித்தானுங்க."

"அப்ப எம் பொண்ணுகிட்ட எங்கம்மாளோடது இருக்குதா?"

"இருக்குதுங்க."

பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த மகளை அக்கா, பையைக்கூட இறக்கவிடாமல், கிட்டே கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு குங்குமச் சிமிழை எடுத்து, அவள் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார்.