உப்பு போட்ட ஐஸ்

ஐஸ் விஷயத்தில் நீலமேகத்துக்குப் பாடம் எடுக்க யாரும் துணிந்ததில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பதினெட்டு வருஷம் ஐஸ் உடைத்து மீன்பெட்டி கட்டியவர். தூர ஊருக்குப் போகும் வஞ்சிரம் என்றால் ஐஸோடு ஒரு கைப்பிடி கல்லுப்பும் தூவுவார். மீன் கல்லாக இறுகிவிடும். முதுகு பிடித்துக்கொண்டு சுமை தூக்க முடியாமல் போன பிறகுதான், திருவொற்றியூரில் ஒரு ரத்த ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக ஊழியராகச் சேர்ந்தார்.

அங்கே டாக்டர் சுஜா காசநோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நம் ரத்தத்தில் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று ஒரு கூட்டம் ரோந்து சுற்றுகிறது. கெட்டுப்போன அணுவை இனம்காண அவற்றின் மேல் ஏற்பிகள் உண்டு. அந்த ஏற்பியைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, லேசர் பட்டால் ஒளிரும் ஆன்டிபாடி ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். சுண்டுவிரல் அளவுக் குப்பி. வந்துசேர மூன்று மாதம் ஆனது.

2003 மே மாதம். விமான நிலையத்துக்குப் போய் வாங்கிவரும் வேலை நீலமேகத்துக்கு.

"ஜில்லுன்னு வரணும் அண்ணே. சூடானா போச்சு," என்றார் சுஜா.

திரும்பும்போது டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகள் வழிமறித்து நின்றன. ஒன்றரை மணி நேரம் ஆட்டோ நகரவில்லை. மடியிலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தால், ஐஸ் பைகள் தண்ணீராகிவிட்டிருந்தன.

"நைனா, சந்துல பூந்து காசிமேட்டுக்கு வுடு," என்றார் ஆட்டோக்காரரிடம்.

அங்கே ஐஸ் வாங்கினார். பழகிய கை சும்மா இருக்குமா? உப்பையும் தூவியது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து பார்த்தபோது குப்பிக்குள் மருந்து கெட்டியாக உறைந்திருந்தது. சுஜா கிளம்பிவிட்டிருந்தார். நீலமேகம் பெருமையோடு அதை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை, ரத்தம் கொடுக்கப் பத்து நோயாளிகள் பெஞ்சில் காத்திருந்தார்கள். உள்ளே சுஜா தன் மாணவி கார்குழலியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இது உறையவே கூடாது. ஒருமுறை உறைஞ்சா ஒளிர்ற சாயமே செத்துரும்."

துடைப்பத்தோடு நின்ற நீலமேகத்தின் காதில் அது விழுந்தது. ராத்திரியே மருந்து உருகிவிட்டது. பார்த்தால் யாருக்கும் தெரியாது. அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் அந்த வாரம்தான் இயக்குநர் மேசைக்குப் போயிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் பெஞ்சில் ஒருவர் இருமிக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அந்த ரத்தம் வீணாகப் போவதை நீலமேகத்தால் தாங்க முடியவில்லை.

"மேடம், மருந்த தொடாதீங்க. ஐஸ் கரைஞ்சிச்சின்னு உப்பு போட்டு கட்டிகினு வந்தேன். கல்லு மாரி ஆயிட்ச்சி. கெட்டுப்பூட்ச்சு."

சுஜா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சொல்லலைன்னா, ஒளி தெரியலைன்னதும் நோயாளிகளுக்கு ஏற்பி குறைஞ்சுபோச்சுன்னு நான் பொய்யா எழுதியிருப்பேன் அண்ணே. உறையக்கூடாதுன்னு நானும் உங்ககிட்ட சொல்லலையே."

நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நிரந்தர ஃபைலும் கையெழுத்தாகாமல் திரும்பி வந்தது. நீலமேகம் யாரையும் நொந்துகொள்ளவில்லை.

ஆகஸ்டில் அடுத்த குப்பி வந்தது. வேறு ஆளை அனுப்புவார்கள் என்று ஒதுங்கி நின்றவரிடமே சுஜா பெட்டியை நீட்டினார். மூடியில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தது: 'குளிரலாம், உறையக்கூடாது.' இந்த முறையும் டோல்கேட்டில் லாரிகள் நின்றன. சுஜா பெட்டிக்குள் வைத்துக் கொடுத்திருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காசிமேட்டுச் சந்துப் பக்கம் திரும்பவே இல்லை.

நோயாளிகளோடு ஒப்பிட நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டியிருந்தது. நீலமேகம் கையை நீட்டினார். மதியம் கார்குழலி அவரை உள்ளே கூப்பிட்டு, கணினித் திரையைக் காட்டினாள். கறுப்புப் பரப்பில் ஆரஞ்சுப் புள்ளிகள் கொத்தாக மின்னின.

"இன்னா பாப்பா இது?"

"உங்க ரத்தம்தான் அண்ணே. காவல் காக்குற அணுக்கள்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. நிரந்தர ஆணை பிறகு எப்போதோ வந்தது. அந்தத் தேதியைக் கேட்டால் மனைவி கெங்கம்மாதான் சொல்லவேண்டும். புள்ளிகள் மின்னியது ஒரு செவ்வாய்க்கிழமை என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை.