செம்பருத்திக்கு ஒண்ணு எடுத்து வை

போலிக் கணக்கு எது, நிஜக் கணக்கு எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன் என்று நான் பீற்றிக்கொள்ளாத இடம் கிடையாது. அம்பத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த ஐடி வேலையை விட்டுவிட்டு, வெள்ளானூர் ஃபிளாட்டில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்து, ஏழு கடைகளின் சமூக ஊடகப் பக்கங்களை ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டேன். மூக்குக்கண்ணாடிக் கடை, டிரைவிங் ஸ்கூல், பாடியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை, இப்படி. படம் போடுவது, பதில் எழுதுவது, வம்பு பேசுகிறவனை வெளியே தள்ளுவது எல்லாம் நான்தான். வேலை எனக்கு நன்றாகவே வந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

ஏழில் ஒன்று நைட்டிக் கடை. போர்டு வைத்த கடை இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பல வருஷம் தைத்த ஓர் அக்கா, அங்கிருந்து வெளியே வந்ததும் தன் வீட்டு மாடியில் நாலு மெஷின் போட்டு, கூடத் தைத்த மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தது. விற்பனை முழுக்க லைவில்தான். சனிக்கிழமை மூன்று மணிக்கு, வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து, அக்கா போன் முன்னால் நின்று ஒவ்வொரு நைட்டியாகத் தூக்கிக் காட்டுவார். பிடித்தவர்கள் ‘வேணும்’ என்று எழுதினால் அது அவர்களுக்கு.

இதெல்லாம் எனக்குச் சொல்லித் தெரியும், அவ்வளவுதான். அந்த லைவை நான் ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் வேலப்பன்சாவடியில் டிரைவிங் ஸ்கூலுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் வந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் பார்ப்பேன். எண் நன்றாக இருந்தால் எனக்குத் திருப்தி.

அப்போதுதான் திருப்பூர் பக்கத்துத் துணிக் கம்பெனி ஒன்று அக்காவிடம் பேசியது. துணி அவர்கள் தருவார்கள், அக்கா தைத்து, அவர்கள் பிராண்டையும் சேர்த்து அதே பக்கத்தில் விற்க வேண்டும். நடந்தால் பீஸ் கணக்கில் தைக்கும் மூன்று பெண்களுக்கும் மாதச் சம்பளம் போட்டுவிடலாம். அக்கா ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டார்.

கம்பெனி மேனேஜர் எங்கள் பக்கத்தை ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பினார். பின்தொடர்பவர்களில் பாதிக்குப் பாதி சந்தேகத்துக்குரியவர்கள், நம்பகத்தன்மை மதிப்பெண் மோசம் என்று சிவப்பில் போட்டிருந்தது. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. என் பக்கத்தில் போலியா? ஒரு வாரத்தில் துடைத்துத் தருகிறேன், அடுத்த சனிக்கிழமை லைவுக்கே வந்து பாருங்கள் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். எனக்கென்று விதிகள் இருந்தன. புரொஃபைல் படத்தில் சொந்த முகம் இல்லையா, சந்தேகம். ஒரு படம்கூடப் போட்டதில்லையா, சந்தேகம். பேருக்குப் பின்னால் நாலு நம்பர் இருந்தால் சந்தேகமே இல்லை, போலிதான். ரோஜாப்பூ, தாமரை, வேல், வேளாங்கண்ணி மாதா, தூங்குகிற குழந்தை என்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றாக பிளாக் செய்தேன். சும்மா நீக்கினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும், பிளாக் செய்தால்தான் பக்கமே கண்ணில் படாது. சிரித்த முகம், கடற்கரைப் போட்டோ என்று லட்சணமாக இருந்தவர்களைத் தொடவில்லை. வேலை முடிந்தபோது பக்கம் பளிச்சென்று இருந்தது. எனக்கு நானே ஒரு பிரியாணி ஆர்டர் செய்து சாப்பிட்டேன்.

அந்த வாரம் தென்காசியிலிருந்து அம்மா வழக்கத்துக்கு மாறாக இரண்டு தடவை போன் செய்தாள். வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். ஊருக்கு வந்து ஒரு மாசம் இருந்துவிட்டுப் போயேன், உடம்புதான் முக்கியம் என்றாள். எனக்கு மூச்சுவிட நேரமில்லை, இதில் ஊர் எங்கே வருவது என்று எரிந்து விழுந்துவிட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை புது ரிப்போர்ட் வந்தது. எல்லாம் பச்சை. மேனேஜர் பாராட்டி எழுதியிருந்தார், லைவுக்கும் வருவதாகச் சொன்னார். நான் டிரைவிங் ஸ்கூல்காரரிடம் லீவு சொல்லிவிட்டு, சனிக்கிழமை முதல்முறையாக அக்கா வீட்டு மாடிக்குப் போனேன்.

மூன்று மணிக்கு அக்கா ஆரம்பித்தார். மஞ்சளில் நீலப் பூப்போட்ட நைட்டி, பக்கவாட்டில் ஆழமான பாக்கெட். ஓரத்தில் ஆறு பேர் பார்ப்பதாகக் காட்டியது. அந்த ஆறில் ஒன்று மேனேஜர், ஒன்று நான். அக்கா பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார், தையலை இழுத்துக் காட்டினார், துவைத்தால் சாயம் போகாது என்று இரண்டு தடவை சொன்னார். யாரும் எதுவும் எழுதவில்லை. பின்னால் கவரும் மார்க்கருமாக உட்கார்ந்திருந்த மூன்று பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து நைட்டி காட்டி முடிக்கும்வரை அக்கா சிரித்த முகத்தை மாற்றவில்லை.

அப்போது அக்காவின் இன்னொரு போன் அடித்தது. திரையில் ‘பட்டாபிராம் செம்பருத்தி’ என்று வந்தது. அக்கா லைவை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“யக்கா, நான் இன்னா தப்பு பண்ணேன்? ஏன் என்னிய பிளாக் பண்ண?”

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலாம். போன வாரம் அளவு மாற்றிக் கேட்டது தப்பா, அதற்காகவா தள்ளிவிட்டீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். அக்கா சமாதானம் சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன், விதிகள் உட்பட.

அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஊரும் படமுமாகப் பதிவாகியிருந்தார்கள். ஆவடி ரோஜா, திருநின்றவூர் மாதா, பூந்தமல்லி தூங்குற பாப்பா. லைவில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவர்களுக்குச் சங்கடம், அதனால் “செம்பருத்திக்கு ஒண்ணு எடுத்து வை” என்று பின்னால் இருக்கும் பெண்களிடம் சொல்வதுதான் இங்கே பழக்கமாம். பார்சலிலும் முதலில் அதைத்தான் எழுதுவார்களாம். இந்தப் பக்கத்தை இத்தனை மாதம் நடத்திய எனக்கு இது தெரியாது.

“பூவெல்லாம் பொம்பளைங்கம்மா,” என்றார் அக்கா. “நைட்டி வாங்க வர்றவ மூஞ்சியக் காட்டிகினா வருவா? ஆமா, உன் போட்டோல இன்னா கீது?”

என் சொந்தக் கணக்கில் ஒரு காபி டம்ளர்தான் இருக்கிறது. நான் விட்டுவைத்த லட்சண முகங்களை அங்கேயே உட்கார்ந்து திறந்து பார்த்தேன். எனக்கு முன்னால் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் எண்ணிக்கைக்காகக் காசு கொடுத்து வாங்கிப் போட்ட கூட்டம் அது. ஒருத்திகூட ஒரு கைக்குட்டை வாங்கியவள் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அக்கா திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாளே பிளாக் செய்த பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராக விடுவித்தேன். ஆனால் நான் விடுவித்தால் மட்டும் போதாது, அவர்களாகத்தான் திரும்பி வர வேண்டும். அக்கா தன் குரலில் பேசி எல்லோருக்கும் அனுப்பினார். தப்பு என்னுடையது, ஆகவே நானும் பேசி அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான், நாலு தடவை பதிவு செய்ய வேண்டியிருந்தது.

பட்டியலில் பாதி தாண்டியதும் ஒரு மல்லிகைப்பூ வந்தது. எங்கள் அப்பா பேரில் பாதி, என் பேரில் பாதி, பின்னால் நாலு நம்பர். அது பின்தொடர்ந்த பக்கம் உலகத்திலேயே ஒன்றுதான், நான் நடத்தும் இந்த நைட்டிக் கடை. அம்மா இப்படி ஒரு கணக்கு வைத்திருப்பதே எனக்குத் தெரியாது. போட்டோ போடக்கூடத் தெரியாதவள் என்று நான் கேலி செய்துகொண்டிருந்தவள். பக்கம் திடீரென்று காணாமல் போனதும் எனக்கு வேலை போய்விட்டது என்று நினைத்திருக்கிறாள். கேட்டால் நான் சங்கடப்படுவேனென்று ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்குத்தான் நான் எரிந்து விழுந்தேன். அன்று அவளுக்குப் போன் செய்தேன். கணக்கைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். மதிப்பெண் மறுபடி சிவப்பாகும், அதைப் பார்க்காதீர்கள், மூன்று மணிக்கு லைவில் யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள் என்றேன். தலைமை அலுவலகம் ரிப்போர்ட்டைத்தான் பார்க்கும் என்று மரியாதையாகக் கழன்றுகொண்டார். மாதச் சம்பளம் இந்த வருஷம் இல்லை என்று அக்கா அந்த மூன்று பெண்களிடமும் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். என் தப்புதான் என்று சொன்னேன். இன்றும் அது உறுத்துகிறது. ஆனால் அந்த ரிப்போர்ட்டுக்காக இன்னொரு தடவை ஒரு பூவைக்கூட வெளியே தள்ள மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் மாடியில்தான் இருந்தேன். இப்போதெல்லாம் எந்தச் சனிக்கிழமையும் வேறு எங்கும் போவதில்லை. அதே மஞ்சள் நைட்டியை அக்கா தூக்கிக் காட்டினார். முதலில் செம்பருத்தி வந்தாள். பிறகு ரோஜா, மாதா, தூங்குற பாப்பா. ‘வேணும்’, ‘வேணும்’ என்று திரை ஏறிக்கொண்டே போனது, நான் கவரில் எழுதிக்கொண்டே இருந்தேன். நடுவில் அக்கா நிறுத்தி, திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

“மல்லிப்பூ ஒண்ணு வேணும்னு கேக்குது. புதுசா கீதே, எந்த ஊரு?”

“தென்காசிக்கா,” என்றேன். “எடுத்து வைங்க, எக்ஸ்எல். அளவு எனக்குத் தெரியும்.”