பீரோ ஆடக் கூடாது

டைல்ஸ் வேலையில் தரையை யாரும் பாராட்டுவதில்லை. அதன்மேல் வைத்த சாமான் ஆடினால் மட்டும் கூப்பிடுவார்கள். பி.காம். முடித்து, மும்பை தாராவியில் ஒரு டைல்ஸ் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்துக்குப் போகும் முதல் ஆள் நான். இந்த நிலையில் இருந்தவர்களுக்கு அந்த மூன்று மாதம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு முன்னால் இருந்தவர்

இது நான் பார்த்ததில்லை. எங்களிடம் டைல்ஸ் போடும் காதர் மேஸ்திரி சொன்னது. செம்பூரில் ஒரு வீட்டில் பழைய தரை சற்று மேடுபள்ளம். மட்டப்படுத்தி டைல்ஸ் போட்டார்கள். பீரோ ஆடியது. பெயர்த்து மறுபடி போட்டார்கள். அப்போதும் ஆடியது. அன்றைய சூப்பர்வைசர் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறது, தரை மட்டம்தான் என்று காட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. சூப்பர்வைசருக்கு வேலை போயிற்று.

"உங்க கருவி பொய் சொல்லும், எங்க பீரோ சொல்லாது" என்றாராம் வீட்டுக்காரர்.

ஒவ்வொரு கல்லுக்கும்

என் முதல் தனி வேலை மாட்டுங்காவில், ஒரு மாமா மாமியின் ஃபிளாட். ஹாலில் ஜன்னலோர மூலை ஒரு விரற்கடை இறக்கம். நூல் பிடித்து, அங்கே கலவையைக் கூட்டிப் போட்டு ஏற்றினோம். காதர் மேஸ்திரி ஒவ்வொரு டைலாக வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுவார். அவர் கையை எடுத்ததும் நான் ரசமட்டத்தை வைப்பேன். நீளவாக்கில், அகலவாக்கில், சந்தேகத்துக்கு மூலைவாக்கில்.

பதினாறாவது டைலில் அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஏ தம்பி, நாம தரைதான போடுதோம்? கேரம் போர்டா செய்யுதோம்?"

தண்ணீர் போகும் வழி

வீட்டு வேலை செய்யும் பாயி முதல்முறை தரையைக் கழுவினார். முன்பெல்லாம் வாளியைக் கவிழ்த்தால் தண்ணீர் தானாக அந்த மூலைக்குப் போய்விடும். அங்கே உட்கார்ந்து ஒற்றி எடுத்துவிடுவார். இப்போது ஊற்றிய இடத்திலேயே நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் இந்தியில் கேட்டார்: "அரே பையா, இவ்வளவு வேலை பண்ணீங்களே, தண்ணி போக வழி வெச்சீங்களா?"

மடித்த பத்திரிகை

நான்காம் நாள் மாமா போன் செய்தார். "தம்பி, பீரோ ஆடறதே." மேஸ்திரியிடம்கூடச் சொல்லாமல் பஸ் பிடித்தேன். ரசமட்டத்தில் குமிழி எல்லா இடத்திலும் நடுவில்தான். பீரோவைத் தொட்டேன், டக், டக். வேறு வழி தெரியாமல் தரையில் கன்னம் படப் படுத்துப் பார்த்தேன். முன்கால் ஒன்றின் அடியில் பல மடிப்பாக ஒரு கல்யாணப் பத்திரிகை.

அந்த மூலையின் பழைய இறக்கத்துக்காக வைத்தது. பீரோவை நகர்த்தியபோது மாமி அதை எடுத்துப் பத்திரப்படுத்தி, வேலை முடிந்ததும் மறக்காமல் அதே காலுக்கு வைத்திருக்கிறார். உருவினேன். ஆட்டம் நின்றது. மாமா சிரித்தார். மாமி சிரிக்கவில்லை.

"எங்க கல்யாணப் பத்திரிகை அது. முப்பது வருஷமா பீரோவைத் தாங்கிண்டிருக்கு. நேத்து வந்த தரையை நம்பி எடுக்கச் சொல்றியேப்பா."

வேலை நிரந்தரமானது. பிறகு பாத்ரூம் டைல் ஒன்றை மாற்ற அதே செம்பூர் வீட்டுக்குப் போனபோது குனிந்து பார்த்தேன்: இரண்டு முறை தரையை மாற்றியும் பீரோவின் காலடியில் மடித்த அட்டை இடம் மாறாமல் இருந்தது, அங்கிருந்து போனது சூப்பர்வைசர் மட்டும்தான்.