ஜிபார் அக்காவின் மழைக்கோட்டு

கரகோல் ஊரில் மலையை நம்பிப் பிழைக்கிற எங்களில் யாரும் மழைக்கோட்டைக் கடையில் வாங்கியது கிடையாது. வெளிநாட்டு விருந்தாளிகள் ஊர் திரும்பும்போது விட்டுவிட்டுப் போவார்கள். அதைத்தான் போட்டுக்கொள்வோம். ஜிபார் அக்காவின் கோட்டும் அப்படி வந்ததுதான். கணவாயில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்த ஒரு நெட்டைப் போலந்துக்காரருக்கு ஆட்டு எலும்புச் சாறு காய்ச்சிக் கொடுத்து எழுப்பி உட்காரவைத்தாள். போகும்போது அந்த மனிதர் உடம்பிலிருந்து கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அது நல்ல சிவப்பு. மலை வெயிலும் அடுப்புப் புகையும் வருடக்கணக்கில் தின்றதில் நாய் நாக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரை உள்ளே விடாது. மழைக்கோட்டுக்கு அதுதானே வேலை? நிறமா சோறு போடும்?

போடாது, ஆனால் இருக்கிற சோற்றைப் பிடுங்கும் என்று எர்மெக் காட்டினான்.

எர்மெக் எங்கள் முதலாளி. தலைநகரில் படித்துவிட்டு வந்து, அப்பன் குதிரைகளை விற்ற பணத்தில் மலைப்பயணக் கம்பெனி வைத்தவன். அந்த வசந்தத்தில் கம்பெனி முற்றத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினான். குதிரைக்காரன் நான், சுமைக்காரர்கள், சமையலுக்கு ஜிபார் அக்கா.

“இந்த வருஷம் எல்லாருக்கும் கருநீலம்,” என்றான். “போன வருஷம் விருந்தாளிங்க எடுத்த படத்தையெல்லாம் பாத்தேன். பிச்சைக்காரக் கூட்டம் மலை ஏறுற மாதிரி இருக்கு. நிறம் போன கோட்டோட வர்றவங்க வண்டியில ஏற வேண்டாம்.”

“புதுக் கோட்டு யாரு தர்றா?” என்று கேட்டேன்.

“அவங்கவங்க கோட்டு அவங்கவங்க பாடு, ஷெய்ஷென் அண்ணே.”

ஜிபார் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். “ஏன்ப்பா எர்மெக், மலை என்னைப் பொண்ணு பாக்க வருதா?”

எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

“உங்களுக்குத்தான் அக்கா முக்கியமாச் சொல்றேன். பரிமாறுறவங்களைத்தான் ரொம்பப் படம் பிடிக்கிறாங்க.”

பள்ளிக்கூடச் சமையலறையில் வயதெல்லாம் கஞ்சி கிண்டியவள் ஜிபார் அக்கா. இதே எர்மெக் முதல் வகுப்பில் மூக்கு ஒழுக, தட்டை நீட்டிக்கொண்டு, இரண்டாம் தடவை கஞ்சி கேட்டு அவள் முன்னால் நின்றவன்தான். சமையலறையைக் குத்தகைக்கு விட்டபோது அவளை வெளியே அனுப்பினார்கள். புருஷன் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. அவன் விட்டுப்போன செருப்பை நாய்க்குக் கடிக்கப் போட்டதைத்தான் பார்த்தேன். மகள் தலைநகர் பிஷ்கெக்கில் நர்சு படிக்கிறாள். அந்தப் படிப்பு முழுக்க அம்மாவின் கோடைச் சமையலில்தான் நடக்கிறது. அம்மா வண்டியில் ஏறவில்லையென்றால் மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான். ஒரு கோட்டின் நிறத்தில் இவ்வளவு தொங்கிக்கொண்டிருந்தது.

கோட்டுக்குச் சாயம் ஏற்றுவது என்று முடிவு செய்தாள். என் கோட்டு கறுப்பு, தள்ளி நின்று பார்த்தால் கருநீலம் மாதிரிதான் தெரியும், தப்பித்தது. அடுத்த வீடு என்பதால் விறகு உடைக்கக் கூப்பிட்டாள். போனேன்.

சந்தையில் கம்பளி விரிப்புக்குப் போடுகிற சாயப்பொடி வாங்கி வந்திருந்தாள். ரோமத்தில் பிடிக்கிற சாயம் வினிகர் விட்டால் நைலானிலும் பிடிக்கும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். பழைய கூடாரப் பை ஒன்றில் போட்டுப் பார்த்திருந்தாள், பிடித்திருந்தது. துணி வேகவைக்கிற எனாமல் தொட்டியை அடுப்பில் ஏற்றினோம்.

“உன் பெரிய கொப்பரையிலயே போட்டா என்ன அக்கா? அகலமா இருக்குமே.”

“அதுல சாயம் காய்ச்சுனா உன்னையும் அதுலயே காய்ச்சுவேன். என் மாமனார் கொப்பரைடா அது. சோத்துக்குன்னு இருக்கிறது.”

கோட்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கவே இல்லை. காற்றைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஊதிச் செத்த ஆடு மாதிரி மிதந்தது. குச்சியால் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் கை தூக்கியது.

“நான்தான் சொன்னேனே, தண்ணிய உள்ள விடாதுன்னு,” என்றாள் பெருமையாக.

சொல்லிவிட்டு அவளே நின்றாள். தண்ணீரை விடாத துணி சாயத்தை மட்டும் எப்படி விடும்? வெளியே எடுத்து, சலவை சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கல்லில் வைத்துத் தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்து அந்தத் துணியின் பிடிவாதத்தைப் பிடுங்கினாள். பிறகு ஜிப்பைத் திறந்து, பாக்கெட்டைத் திறந்து, மறுபடி அமுக்கினாள். இப்போது மூழ்கியது.

“தீயைக் குறை. கொதிச்சா உள்ள தையல் மேல ஒட்டியிருக்கிற பட்டை உரிஞ்சிரும்,” என்றாள். கை வைக்க முடியாத சூடு, ஆனால் கொதி வரக் கூடாது. ஒரு மதியம் முழுக்க அந்தச் சூட்டிலேயே வைத்துக் கிளறினோம். திட்டுத் திட்டாக ஏறக் கூடாது என்று கோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே எர்மெக்கைத் திட்டினாள். திட்டும்போது குச்சி வேகமாகச் சுற்றியது.

அலசித் தொங்கவிட்டபோது நன்றாகவே வந்திருந்தது. அடியில் பழைய சிவப்பு கிடந்ததால் கொஞ்சம் கத்தரிக்காய் பக்கம் சாய்ந்த கருநீலம். ஜிப்பும் தையல் நூலும் மட்டும் சாயத்தை ஏற்கவில்லை. அவள் நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தையல் தையலாக வரைந்தாள். கோட்டு காய்ந்தது. அவள் கை மட்டும் முழங்கைவரை நீலமாகவே இருந்தது.

பிறகு ஒரு கிண்ணம் தண்ணீர் எடுத்துத் தோள்பட்டையில் ஊற்றிப் பார்த்தாள்.

தண்ணீர் வழியவில்லை. துணி குடித்துவிட்டது. அடியில் வைத்த அவள் கை ஈரமானது. நிறம் வந்துவிட்டது, மழைக்கோட்டு போய்விட்டது.

அவள் அந்தக் கையைப் பாவாடையில் துடைத்தாள். “நல்லா இருந்தத நானே தேச்சுக் கெடுத்தேன். அந்தப் பயலோட படத்துக்காக,” என்றாள்.

மறுபடி தண்ணீர் ஒட்டாமல் செய்கிற மருந்து, பயணிகள் வாங்குகிற கடையில் குப்பியில் இருந்தது. கையில் எடுத்தாள். விலையைப் பார்த்தாள். முட்டையை அடையில் வைப்பது போல மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.

நாங்கள் செருப்புக்கும் சேணத்துக்கும் என்ன போடுகிறோம்? ஆட்டு வால்கொழுப்பு. பனியில் நடந்தாலும் சேற்றில் நடந்தாலும் தோல் நனையாது. எங்கள் பாட்டனும் அதைத்தான் போட்டான். அவள் கொழுப்பை உருக்கிக் கோட்டில் தடவி, அடுப்புப் பக்கம் பிடித்து ஊறவைத்தாள். மறுபடி கிண்ணத்துத் தண்ணீர். வாத்து முதுகில் விழுந்த மாதிரி ஓடியது. எங்களுக்கு வேறு யோசனை எதற்கு வரப்போகிறது? தெருவே வந்து பார்த்து, “ஜிபாருக்குத்தான் மூளை” என்றது.

பருவத்தின் முதல் கூட்டம் கிளம்பிய நாளில் எர்மெக் அவளை மேலும் கீழும் பார்த்தான். கோட்டு கருநீலம். பளபளப்பு வேறு. சொல்ல ஒன்றும் கிடைக்காமல் முகம் தொங்கியது. ஏன் தொங்கியது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஜீப் போகிற கடைசி இடம் ஒரு மேய்ச்சல் புல்வெளி. அங்கே சாப்பிட்டுவிட்டு, சுமையைக் குதிரைகளில் ஏற்றி, கணவாய்க்கு நடக்க வேண்டும். காலைக் குளிரில் கோட்டு ஒழுங்காக இருந்தது. வெயில் ஏறியது. அக்கா கொப்பரையை அடுப்புக் கற்களில் உட்காரவைத்து, இறைச்சி போட்டு, அடுப்பு முன்னால் நின்றாள். படம் எடுப்பார்களே என்று கோட்டைக் கழற்றவில்லை; அதில் தடவிய கொழுப்பு இளகியது. பத்தடி தள்ளி நின்ற எனக்கே பசித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே கூடாரம் போட்டிருந்த மேய்ப்பரின் நாய், கன்றுக்குட்டி உயரம். முதலில் வாலை ஆட்டிக்கொண்டு வந்து கோட்டின் ஓரத்தை நக்கியது. அக்கா விரட்டினாள். நாய் கைப்பட்டையைக் கவ்வியது. அவள் அகப்பையால் அதன் மூக்கில் போட்டாள். அது விட்டால்தானே? கால்களை ஊன்றிக்கொண்டு இழுத்தது. தோளிலிருந்து முழங்கைவரை துணி கிழிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விருந்தாளிகள் சிலர் அலறினார்கள். ஒருத்தர் படம் எடுத்தார்.

மேய்ப்பர் ஓடிவந்து நாயைக் கழுத்தோடு பிடித்தார். “அதைத் திட்டாதீங்கம்மா. ஆடுன்னு நினைச்சிருச்சு.”

“நான் எதுக்கு அதைத் திட்டுறேன்? அதுக்காவது மூக்கு வேலை செய்யுது,” என்றாள் அக்கா. கையில் காயம் இல்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

எர்மெக் வந்தான். அவசரமே படாமல் வந்தான்.

“பாத்தீங்களாக்கா. கிழிஞ்ச கோட்டு, ஆட்டு நாத்தம். இப்படியே எப்படி மேல அனுப்புறது? நீங்க என்னோட ஜீப்புல கீழ வந்திருங்க. நூர்ஜாத் சமையலப் பாத்துக்குவா.”

நூர்ஜாத் அவன் மனைவியின் தங்கை. சுற்றிப் பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஜீப்பிலிருந்து இறங்கினாள். அவள் உடம்பில் புத்தம்புதுக் கருநீல மழைக்கோட்டு. கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படமும் கிடையாது, நிறமும் கிடையாது. வசந்தத்திலேயே அக்காவின் இடத்தை இவளுக்கு எழுதிவிட்டான். கோட்டு ஒரு சாக்கு. நாய் கடிக்காவிட்டால் வேறு எதையாவது பிடித்திருப்பான். என் கை குதிரைச் சாட்டையை இறுக்கியது. அக்கா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று.

அடுப்பு எரிகிறது, இறைச்சி பாதி வெந்திருக்கிறது. எங்களில் எவளும் அதை விட்டுப் போகமாட்டாள். கிழிந்த கோட்டோடே நின்று சமைத்து முடித்தாள். எல்லோருக்கும் பரிமாறினாள். எங்கள் பக்கம் யாருக்கு எந்தத் துண்டு என்பதற்கு ஒரு முறை உண்டு. விருந்தாளிகளில் மூத்தவருக்குத் தொடை எலும்பு போட்டாள். எனக்கும் சுமைக்காரர்களுக்கும் விலா. எர்மெக்கின் தட்டில் சிறுநீரகத்தை வைத்தாள். அது சின்னப் பிள்ளைகளுக்கு வைக்கிற துண்டு. மேய்ப்பர் பார்த்துவிட்டு இருமினார். எர்மெக்கின் காது சிவந்தது. ஆனால் தின்றான்.

பிறகு அவள் கொப்பரையை மணல் போட்டுத் தேய்த்தாள். கழுவினாள். துடைத்தாள். தூக்கிக்கொண்டு வந்து என் குதிரையின் மேல் வைத்துக் கட்டினாள். கணவாய்ப் பக்கம் மேகம் கறுத்து வந்துகொண்டிருந்தது.

“அது எங்க போகுது?” என்றான் எர்மெக்.

“வீட்டுக்கு. நீதான போகச் சொன்ன.”

“நீங்கதான் போறீங்க. கொப்பரை இருக்கட்டும்.”

“உங்கப்பன் வாங்குனதா அது?”

இந்தக் கம்பெனி ஒரு கொப்பரைகூட வாங்கியது கிடையாது. சமையல்காரி தன்னுடையதைக் கொண்டுவருவாள் என்று விட்டுவிட்டார்கள். கம்பெனிச் சாமானில் இருந்தது ஒரு சின்ன கேஸ் அடுப்பும் டீ கொதிக்கிற ஒரு பாத்திரமும்தான். எர்மெக் என் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, கொப்பரையை இறக்குங்க.”

“அது என்னுது இல்ல தம்பி. குதிரைதான் என்னுது. அதுக்கும் கீழ போகணும்னு தோணுது போல.”

சுமைக்காரர்கள் தூக்கியிருந்த மூட்டையைத் திரும்பக் கீழே வைத்தார்கள். யாரும் சொல்லவில்லை, வைத்தார்கள்.

அவன் மேய்ப்பரிடம் ஓடினான். மேய்ப்பர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். “கொப்பரையையும் பொண்டாட்டியையும் இரவல் குடுக்கிறதில்ல தம்பி. அதோட எனக்குப் பால் காய்ச்சணும்.”

நூர்ஜாத் சன்னமான குரலில் சொன்னாள். “எனக்கு நூடுல்ஸ் மட்டும்தான் வரும்னு அன்னைக்கே சொன்னேனே மாமா.” பாவம், அவள்மேல் குற்றம் இல்லை.

விருந்தாளிகள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். எர்மெக் அக்காவிடம் வந்தான். குரலில் திடீரென்று தேன்.

“சரிக்கா, விடுங்க. கோபத்துல ஏதோ சொல்லிட்டேன். நீங்களே போங்க. இந்த வருஷம் பூரா நீங்கதான்.”

“எதைப் போட்டுக்கிட்டுப் போறது? மேல மழை கட்டியிருக்கு. நல்லா இருந்த கோட்டை உனக்காகத்தான் கெடுத்தேன்.”

“நூர்ஜாத்தோடதை வாங்கிக்கங்க.”

“அந்தச் சின்னப் பொண்ணோடது எனக்கு ஒரு கைக்குக்கூடப் பத்தாது. உன்னோடதைக் கழட்டு.”

“இதா? இது வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சதுக்கா.”

“என்னோடதும் வெளிநாடுதான். போலந்து.” அவள் நீலம் ஏறிய கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “கழட்டுடா. உனக்கு ரெண்டாம் தடவை கஞ்சி ஊத்துன கைடா இது.”

அவள் அவனை ‘டா’ போட்டது பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான். முதல் தூறல் விழுந்தது. எர்மெக் ஜிப்பை இறக்கினான். ஒரு கை, பிறகு மறு கை. உள்ளே மெல்லிய சட்டைதான் போட்டிருந்தான். அவள் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, நன்றி சொல்லாமல், குதிரைக்கு முன்னால் நடந்தாள். கிழிந்ததை நாய்க்குப் போட்டுவிட்டாள்.

அன்றைக்குக் கணவாயில் விடாத மழை. அவள் நனையவில்லை. கோடை முழுக்க அவள்தான் சமைத்தாள். இலையுதிர் காலத்தில் மகள் பிஷ்கெக்கில் அடுத்த வகுப்புக்குப் போனாள்.

எர்மெக் மட்டும் திருந்தவில்லை. கணக்கு முடித்த அன்றைக்கு அதே முற்றத்தில், எல்லோர் முன்னாலும், கோட்டைத் திருப்பிக் கேட்டான்.

“தர்றேன்,” என்றாள் ஜிபார் அக்கா. “நிறம் போகட்டும்.”