ரஜ்ஜு தட்டிய நகல்

கோபக்காரன் என்று பாளையங்கோட்டையில் எனக்குப் பெயர். அதில் தப்பில்லை. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் மென்பொருளை மூன்று வருஷம் கண் கெட எழுதினேன். விற்றது விரல்விட்டு எண்ணுகிற அளவு. பரவியது மாவட்டம் முழுக்க. ராதாபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் என்னிடமே சொன்னார்: "நல்ல சாமான் அண்ணாச்சி, வேணும்னா ஒரு காப்பி போட்டுத் தாரேன்." எழுதியவனுக்கே திருட்டுக் காப்பி!

வாங்கியவர்களுக்கு பென் டிரைவ் மாதிரி ஒரு சாவி கொடுத்திருந்தேன். அதைச் செருகாவிட்டால் திறக்காது என்று வைத்தால் எவனாவது உடைத்துவிடுகிறான். அடுத்த பதிப்பில் வேறு வேலை செய்தேன். சாவி இல்லாவிட்டாலும் திறக்கும். ரஜ்ஜுப் பொருத்தத்தை மட்டும் தலைகீழாகச் சொல்லும். ரஜ்ஜு என்றால் தாலி பலம். அது தப்பாக வந்தால் எந்த ஜோசியரும் உடனே பிடித்துவிடுவார், கடைக்காரன் மூக்குடைபட்டு என்னிடம் வருவான் என்று நினைத்தேன். ஜோசியரிடம் போகாதவர்கள்தானே ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார்கள்? என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

என் தங்கைக்கு முப்பத்திரண்டு வயது. வரன்கள் தட்டிக்கொண்டே போன நேரத்தில் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இருவருக்கும் பிடித்துப்போயிற்று. எங்கள் ஜோசியர் பொருத்தம் உண்டு என்றார். பல வருஷத்துக்குப் பிறகு அவள் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

பூ வைக்க நாள் குறிக்கும் முன் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு தடவை பொருத்தம் பார்த்தார்கள். போன் வந்தது. "ரஜ்ஜு தட்டுது. மன்னிச்சிக்கிடுங்க."

அடுத்த பஸ்ஸில் ஓடினேன். அவர்கள் நீட்டிய தாளின் அடியில் கடைப் பெயர் இல்லை. சாவி போட்டு எடுத்தால் வாங்கியவரின் கடைப் பெயர் அடியில் வரும்; வராவிட்டால் திருட்டுக் காப்பி என்பதற்கு நான் வைத்த அடையாளம் அது.

"இது தப்பு. இத எழுதுனதே நான்தான். திருட்டுக் காப்பில தப்பா வரணும்னே வச்சேன்."

மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சிக்காக இப்படியுமா வே பொய் சொல்லுவீரு?"

மடிக்கணினியில் சாவியைச் செருகிக் காட்டினேன். பொருத்தம் உண்டு என்று வந்தது. "உம்ம மெஷினு, உம்ம தங்கச்சி. வேற என்னத்தச் சொல்லும்?" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னார்: "எங்களுக்கு ஒத்தப் பிள்ள. தாலி பலம் இல்லன்னு காதுல விழுந்துட்டு. இனி ஊரே உண்டுன்னாலும் மனசு ஒப்பாது."

வீட்டுக்கு வந்து தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. அவள் பைய கேட்டாள்: "திருடுனவன் ஒருத்தனாவது உங்கிட்ட வந்தானாண்ணே?"

"இல்ல."

"நான்தான் மாட்டுனேன்."

அன்றே மென்பொருளில் ரஜ்ஜுவைத் தலைகீழாக்கும் வரிகளை அழித்தேன். வெளியே போன காப்பிகளை என்ன செய்ய? கடை கடையாக ஏறிச் சொன்னேன். "நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி" என்று சிரிக்கிறார்கள். அதில் உண்டு என்று வந்து கல்யாணம் முடித்தவர்களை நினைத்தாலும் திக்கென்கிறது.

போன வாரம் பாபநாசத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தங்கை காபி கொடுத்தாள். பொருத்தம் எங்கே பார்ப்பீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவளே கேட்டாள்.

"ஜோசியர்ட்டல்லாம் போறதில்லம்மா," என்றார் வந்தவர், அவள் ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே. "எங்கூர் ஜெராக்ஸ் கடையில அஞ்சு நிமிசத்துல பாத்துருவோம்."