நாற்பது ரிலே

சென்றாயன் சூளகிரிக்காரன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறினான். இரண்டு வருடம் ரேடியோ கடையில் உட்கார்ந்துவிட்டு, ஓசூரில் வெங்கடசாமியின் பட்டறையில் சாமான் வாங்கும் ஆளாகச் சேர்ந்தான். தகடு வெட்டும் பவர் பிரஸ்களுக்குக் கண்ட்ரோல் போர்டு செய்வது அங்கே தொழில். பிரஸ்ஸை ஓட்டுகிறவர் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்காமல் காப்பது அந்த போர்டு. மின்சாரத்தை விடுவதும் வெட்டுவதும் அதிலுள்ள ரிலே, தீப்பெட்டி அளவுச் சாமான்.

1988 ஆடி மாதம் நாற்பது போர்டுக்கு ஆர்டர் வந்தது. போர்டில் துளை போட்டாகிவிட்டது. அந்தத் துளையில் ஒரே வகை ரிலேதான் உட்காரும், போர்டுக்கு ஒன்று. பெங்களூரில் வழக்கமான கடையில் இருபதுதான் இருந்தன. மீதிக்கு ஆறு வாரம் ஆகும் என்றார்கள். வெங்கடசாமி கொடுத்திருந்ததோ ஆறே நாள்.

சென்றாயன் சந்து சந்தாக அலைந்தான். மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு கடையில் அதே ரிலே பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிக் கிடந்தது. அட்டைப்பெட்டி எதுவும் இல்லை. பேட்டரியை வைத்துப் பார்த்தான். டக் என்றது. இருபதையும் பார்த்தான். இருபதும் டக் என்றன.

"ஹொசதா?" என்று கன்னடத்தில் கேட்டான், புதுசா என்று.

"பேக்கா, பேட்வா? அது ஹேளி சாமி." வேணுமா வேண்டாமா என்பதோடு கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பில் போட்டு வாங்கினால் எல்லைச் சோதனைச் சாவடியில் விற்பனை வரிப் படிவம் கேட்பார்கள். இரண்டு நாள் போய்விடும். அதனால் ஓசூர்ப் பட்டறை ஆட்கள் செய்வதையே அவனும் செய்தான். நல்ல கடையில் வாங்கியவற்றின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்தெறிந்தான். நாற்பதையும் சாப்பாட்டு கேரியரில் ஒன்றாகக் கொட்டி, மேல் அடுக்கில் புளிச்சோறு வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

பட்டறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. போர்டைப் பார்த்து யாரும் காப்பியடித்துவிடக் கூடாது என்று, ஒவ்வொரு சாமானின் மேலும் இருக்கும் பெயரையும் எண்ணையும் உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிடுவார்கள். அன்று சாயங்காலமே சென்றாயன் நாற்பதையும் தேய்த்து முடித்தான்.

மறுநாள் ஈயம் பற்றவைக்கும் ஃபரீதா ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"அண்ணா, இதோட கால்ல முன்னயே ஈயம் ஒட்டிக்கினு இருக்குது பாருங்க. எங்கியோ குடும்பம் நடத்திட்டு வந்த மாப்ளயாட்டம் இருக்குது."

பெண்கள் சிரித்தார்கள்.

"புதுசுலயே அப்பிடித்தாம்மா பூசி வரும். பேசாம வெய்யி," என்றான் சென்றாயன். சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது, பழைய போர்டிலிருந்து பிடுங்கிய சரக்கு என்று. ஆனாலும் டக் என்றதே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

பேட்டரி சோதனையில் ரிலேயின் உள்ளே தகடு அசையும் சத்தம் மட்டும்தான் கேட்கும். தேய்ந்துபோன முனைகள், மணிக்கணக்காக மின்சாரம் ஓடிச் சூடேறிய பிறகுதான் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் பொத்தானை விட்டாலும் மின்சாரம் நிற்காது. ஐப்பசியில் ஒரு நாள் ஓசூரில் ஒரு கம்பெனியின் பிரஸ்ஸில் அப்படி ஒட்டிக்கொண்டது. மாதப்பன் என்பவர் பொத்தான்களை விட்டுவிட்டு, வெட்டிய துண்டை எடுக்கக் கையை உள்ளே விட்டார். நிற்க வேண்டிய பிரஸ் மறுபடி இறங்கியது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

சென்றாயன்தான் போய் போர்டைக் கழற்றினான். ரிலேயின் முனைகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பட்டறைக்குக் கொண்டுவந்து வெங்கடசாமியிடம் காட்டினான்.

"இந்த மாதிரி எத்தினி?"

"இருவதுண்ணா."

"எந்தெந்த போர்டுல?"

"எப்பிடிண்ணா சொல்றது? நாமளே தேச்சி அழிச்சிட்டம். எல்லாம் ஒண்ணாட்டம் இருக்குது."

வெங்கடசாமி ரிலேயை வாங்கி மேசை டிராயரில் போட்டு மூடினார். "மாதப்பந்தான் ஒரு பொத்தான்ல துணியச் சொருகிட்டு ஒத்தக் கையில ஓட்டுனான்னு அந்தக் கம்பெனியில எழுதிட்டாங்க. நீ போயி எதையும் கெளப்பாத."

துணி எதுவும் இருக்கவில்லை. போர்டைக் கழற்றப் போனபோது சென்றாயன் கண்ணால் பார்த்தவன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல், போர்டு போன இடங்களின் பட்டியலோடு பஸ் ஏறினான். புது ரிலே கைக்கு வரும்வரை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தான். முதலில் குருபரப்பள்ளி. அங்கே பிரஸ்ஸில் வெங்கடம்மா என்ற பெண் வாஷர் வெட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி கங்கப்பன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கழட்டிக்கினு போ" என்று சாதாரணமாகச் சொன்னார்.

சென்றாயன் கழற்றினான். பிரஸ் நிற்கும் என்று எதிர்பார்த்தான். கங்கப்பன் இரண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்து, பொத்தானுக்குப் பதில் காலால் மிதித்து இறக்கும் பெடலை மூலையிலிருந்து இழுத்து வெங்கடம்மாவின் காலடியில் தள்ளினார். அவள் மிதித்தாள். பிரஸ் இறங்கியது. இப்போது அவளுடைய இரண்டு கையும் உள்ளேயே இருந்தன. இறங்குவதற்கு ஒரு நொடி முன்னால் வெளியே இழுத்துக்கொண்டாள்.

"நிறுத்துங்கக்கா!"

"நீ நிறுத்தச் சொல்லுவ. எண்ணிக்க கொறஞ்சா யாரு பதில் சொல்றது, நீயா?" அவள் தலையைத் தூக்கவில்லை.

"அப்ப மாட்டிடறன் மேஸ்திரி. மறுபடி மாட்டிடறன்."

"இது நல்லதா, கெட்டதா? அதச் சொல்லு."

"தெரியாதுங்க."

கங்கப்பன் அவனைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு நகர்ந்தார். சென்றாயன் பெடலை எடுத்துவிட்டு போர்டை மாட்டினான். பிறகு வெங்கடம்மாவிடம் திரும்பினான்.

"ரிலே சூடேறுனாத்தான்க்கா ஒட்டும். மணிக்கொரு தரம் நிறுத்தி ஆற வெய்யிங்க."

"ஆவுட்டும்பா," என்றாள், கேட்காதவள்போல.

அவன் போகவில்லை. சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவள் கைகளையே பார்த்தபடி ஷிஃப்டு முடியும்வரை நின்றான். அந்த நேரமெல்லாம் மற்ற முப்பத்தெட்டு பிரஸ்களும் ஓடிக்கொண்டிருந்தன.